தந்தை கடன்: தமிழிலக்கியம் காட்டும் மகவு வளர்ப்பு வரலாறு

1. முன்னுரை

தமிழர் இல்லறம் பற்றி எழுந்த ஆராய்ச்சி நூல்கள் தாய்மையை விரித்துரைத்த அளவிற்குத் தந்தைமையை விரித்துரைக்கவில்லை. தாயைப் பற்றிப் பேசுவோர்க்குச் சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. தந்தையைப் பற்றிப் பேச வருவோரோ பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றை (புறம். 312) எடுத்துக்காட்டி அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். மகனைப் பெற்றுப் பேணுதல் தாயின் கடன் என்றும், அவனைச் சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன் என்றும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், நல்லொழுக்கம் அருளுதல் வேந்தனுக்கும், களிறு எறிந்து மீளுதல் காளைக்கும் கடன் என்றும் அப்பாட்டு பகுத்துரைக்கின்றது. இப்பகுப்பினை இல்வாழ்க்கையின் நிலையான பொதுச்சட்டமாகக் கொண்டு, குழவிப் பருவம் முழுவதும் தாய்க்கே உரியது, தந்தை பின்னர் வந்து கல்விக்கு வழிசெய்தால் போதும் என்று கூறுவார் உளர். மேடைகளிலும் பாடநூல் விளக்கங்களிலும் இக்கருத்து பலகாலும் ஒலிக்கக் கேட்கிறோம்.

இக்கருத்திற்கு இலக்கியம் இடந்தருகின்றதா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. ஒரு பாட்டின் பொருளை வரையறுக்கும் முயற்சி மட்டுமன்று இது. பழைய நூலொன்றன் பெயரால் இன்றைய தந்தை தன் குழவியினின்றும் விலகி நிற்றற்கு ஒரு நியாயம் கற்பிக்கப்படுமாயின், அந்நியாயம் நூலில் உளதா என்று காட்ட வேண்டிய பொறுப்பு தமிழ் கற்றோரைச் சார்ந்தது. ஆதலின் சங்கச் செய்யுள் தொடங்கி அண்மைக் காலம் வரை கிடைக்கும் சான்றுகளுள் சிலவற்றை யாம் வரிசைப்படுத்தி நோக்குவோம்.

2. தந்தைக்குக் கூற்று இல்லை

அகப்பாடல்களில் தந்தையின் குரல் நேரே கேட்பதில்லை. தலைவனும் தலைவியும் தோழியும் செவிலியும் பாணனும் பரத்தையும் பேசுகின்றனர். தலைவியைப் பெற்ற தந்தை வாய் திறப்பதில்லை. அதனைக் கொண்டு பண்டைத் தமிழ்த் தந்தை மகள் வளர்ப்பில் ஈடுபடாதவன் என்று முடிவு செய்தல் எளிது. ஆயினும் அம்முடிவு பிழையாகும்.

தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்றிற்கு உரியார் இன்னார் என வரையறுக்கின்றார். அவ்விடத்து ஊரார், அயலார், சேரியார், நோயின் காரணம் அறிவார் ஆகியோருடன் தந்தையையும் தமையன்மாரையும் சேர்த்து, இவர்தம் சொற்களைப் பிறர் எடுத்து மொழியலாமேயன்றி இவர்க்கெனத் தனிக்கூற்று இல்லை என்று விதிக்கின்றார். எனவே அகத்தில் தந்தை பேசாமை இலக்கண மரபால் நேர்ந்ததேயன்றி, இல்லத்தில் அவன் இல்லாமையால் நேர்ந்ததன்று. ஊரும் சேரியும் தமக்கெனக் கூற்றுப் பெறாமையால் அவை இல்லாதனவாகி விடுவதில்லை அன்றோ?

இவ்விதி செயற்படும் திறத்தைக் கபிலர் பாட்டொன்று (அகம். 12) நன்கு விளக்குகின்றது. தோழி தலைவியின் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறாள். தாய் அவளைத் தன் கண்ணினும் மேலாகக் காதலிக்கின்றாள். தந்தையோ அவள் நிலத்தில் அடி வைப்பதையும் பொறாதவன். சிற்றடி சிவக்கும்படி ஏன் நடக்கின்றாய் என்று அவளைக் கேட்பவன். இங்கே தந்தையின் சொல் கேட்கின்றது. ஆனால் தோழியின் வாய்வழியே கேட்கின்றது. தொல்காப்பியர் கூறும் எடுத்து மொழிதல் என்பது இதுவே. தந்தையின் அன்பை அகப்பாடல்களில் தேடுவோர் அவன் கூற்றைத் தேடுதல் கூடாது. பிறர் கூற்றுக்குள் மறைந்து நிற்கும் அவன் சொல்லையே தேடல் வேண்டும்.

போதனார் பாட்டிலும் (நற். 110) இவ்வாறே. வறுமையுற்ற கணவன் வீட்டில் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணும் மகள், தன்னை மணம் செய்து கொடுத்த தந்தையின் வளமான சோற்றை நினையாள் எனச் செவிலி வியக்கின்றாள். தேன் கலந்த பாற்சோற்றை ஏந்தி அச்சிறுமியின் பின் ஓடியவர் செவிலியர். அச்சோறு தந்தையின் சோறு. ஊட்டும் கையும் ஈட்டும் கையும் வேறாயினும் மகளின் நினைவோடு சேர்த்துப் பாட்டில் வைக்கப்பெற்றவன் தந்தையே.

3. முறைப்பெயரும் இயற்பெயரும்

சொற்களும் சான்று பகரும். எந்தை, நுந்தை, தந்தை என்ற மூன்று சொற்களும் முறையே என் தந்தை, நின் தந்தை, அவன் அல்லது அவர் தந்தை எனப் பொருள் தருவன. யாய், ஞாய், தாய் என்பனவும் அவ்வாறே. உரிமைப் பொருளைத் தன்னுள் அடக்காத பொதுப்பெயராகத் தந்தை என்னும் சொல் வழங்கியது பிற்கால வழக்கு. பழந்தமிழில் தந்தை என்றாலே இன்னார்க்குத் தந்தை என்னும் உறவு சொல்லுக்குள்ளேயே அமைந்திருந்தது. நுந்தை என்னும் சொல்லின் முதலில் நிற்கும் உகரத்தைக் குற்றியலுகரமாகத் தொல்காப்பியர் எடுத்தோதுவதனால், அம்முறைப்பெயர் இலக்கண ஆசிரியரின் தனிக்கவனத்தைப் பெற்ற வழக்குச்சொல் என்பது தெளிவாகும்.

இதனினும் நோக்கத் தக்கது மகன் பெயரால் தந்தையைக் குறிக்கும் வழக்கம். சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை எனவும், ஆதனுக்குத் தந்தை ஆந்தை எனவும், பூதனுக்குத் தந்தை பூந்தை எனவும் புணர்ந்து வரும் என்பது எழுத்ததிகார விதியும் அதன் உரையும் தரும் செய்தி. பிசிராந்தையார் என்னும் சான்றோர் பெயரில் இவ்வழக்கைக் காணலாம். ஒருவன் தன் இயற்பெயர் மறைந்து இன்னானுக்குத் தந்தை என்று ஊரால் அழைக்கப்படுதல், தந்தைமை ஒருவனுக்குச் சமுதாயம் வழங்கிய அடையாளமாக இருந்தது என்பதைக் காட்டும். இலக்கணம் தனிவிதி வகுக்கும் அளவிற்கு இப்பெயர்கள் பெருகி இருந்தன.

மறுதலையாகத் தந்தையால் மகன் அறியப்படுதலும் உண்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் தந்தையின் தொழில் நின்று மகனை விளக்குகின்றது. கணக்காயர் என்பார் கல்வி கற்பிக்கும் ஆசிரியர். ஆசிரியரின் மகன் பெரும்புலவராக விளங்கிய நிலையில், அப்புலமைக்கு வேர் எது என்பதைப் பெயரே உணர்த்தி நிற்கின்றது. கருவூரை அடுத்த புகழூரில் உள்ள தமிழி கல்வெட்டு, சேர மரபினர் மூவரைப் பாட்டன், தந்தை, மகன் என்ற வரிசையில் கூறி, மூன்றாமவன் இளங்கோ ஆன காலத்துக் குகையில் துறவிக்கு உறையுள் அமைத்த செய்தியைத் தருகின்றது. அரச மரபில் இம்முறை வாரிசுரிமை பற்றியது. புலவர் பெயரிலோ அது கல்வி மரபு பற்றியது. இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது.

4. உண்கலமும் சிறுதேரும்

குழவிப் பருவத்தில் தந்தை உடனிருந்தானா என்னும் வினாவிற்கு நேர்விடை தருவது பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய பாட்டு (புறம். 188). பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் ஆயினும், இடையிடையே குறுகுறுவென நடந்து வந்து, சிறுகையை நீட்டி, கலத்தில் இட்டு, தொட்டு, வாயால் கௌவி, கையால் துழாவி, நெய்யிட்ட சோற்றை உடம்பெங்கும் சிதறி, அறிவை மயக்கும் மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளில் பயனாகிய பொருள் ஒன்றும் இல்லை என்பது அதன் கருத்து. பாடியவன் அரசன். பாடுபொருள் அவன் உண்கலத்தில் குழந்தை செய்யும் குறும்பு. குழந்தையின் செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக வினைகளாக அடுக்கும் அப்பாட்டின் நடை, அருகிருந்து பலநாள் கண்டவனுக்கே கைவரும். ஒருமுறை எட்ட நின்று பார்த்தவன் இவ்வரிசையை அறியான்.

ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் செவிலி கூற்றாக ஒரு பத்து உளது. மகள் மனைவாழ்க்கையைக் கண்டு மீண்ட செவிலி, கணவனும் மனைவியும் மகன் நடுவே கிடக்கத் துயிலும் காட்சியை மான் பிணைக்கும் கலைக்கும் இடையே கிடக்கும் மறியோடு ஒப்பிட்டுக் கூறுகின்றாள் (ஐங். 401). பிறிதோரிடத்தில், புன்முறுவலோடு சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் மகனைக் கண்டு தலைவன் உள்ளம் அவன்பால் பெருகியதைச் சொல்கின்றாள் (ஐங். 403). முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அவ்விருத்தல் தலைவி ஒருத்தி கணவனை எதிர்நோக்கி ஆற்றியிருத்தல் என்ற அளவில் நின்றுவிடாமல், தந்தை மகனோடு இல்லத்தில் இருத்தலும் ஆகின்றது என இப்பத்துக் கொண்டு கூறலாம்.

மருதத் திணையிலோ இக்காட்சி சிக்கலுடையதாக வருகின்றது. செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாட்டில் (அகம். 66) தலைவன் பரத்தையை நாடித் தேரேறித் தெருவழியே செல்கின்றான். தளர்நடையிட்டுத் தெருவிற்கு வந்த மகனைக் கண்டதும் தேரை நிறுத்தி இறங்குகின்றான். மகனை மார்புறத் தழுவுகின்றான். இனி வீட்டுக்குள் போ என்கின்றான். சிறுவன் போகாமல் அழுகின்றான். தலைவன் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டிற்கே திரும்பி விடுகின்றான். மக்களைப் பெற்றோர் இம்மையில் புகழும் மறுமையில் நற்பேறும் எய்துவர் எனப் பலர் கூறிய மொழி மெய்யாயிற்று என்று தலைவி தோழிக்கு உரைக்கின்றாள். அவள் கூற்றில் கசப்பும் உளது. தனக்காக மீளாதவன் மகனுக்காக மீண்டான் என்பதை அவள் அறியாதவள் அல்லள். தந்தையன்பு கணவனன்பின் குறையை நிரப்பிவிடும் என்று இப்பாட்டுக் கொண்டு கூறுதல் இயலாது. ஆயினும் தெருவில் நின்று அழும் குழந்தையைக் கடந்து செல்லத் தந்தையால் ஆகவில்லை என்பதும் உண்மை.

கலித்தொகை மருதப் பாடலொன்று (கலி. 86) இதனை மேலும் ஆழமாக்குகின்றது. தலைவி தன் மகனைப் பார்த்துப் பேசுகின்றாள். நடுவு நிலைமையிலும் வீரத்திலும் ஈகையிலும் நின் தந்தையை ஒப்பாயாக. மகளிரை வருந்தச் செய்யும் ஒன்றில் மட்டும் அவனை ஒவ்வாதிருப்பாயாக என்பது அவள் அறிவுரை. தந்தை வாயால் எதுவும் கற்பிக்கவில்லை. அவன் ஒழுக்கமே மகனுக்குப் பாடமாகின்றது. அப்பாடத்தில் கொள்வன இவை, தள்ளுவன இவை எனப் பிரித்துக் காட்டும் பணி தாய்மேல் விழுகின்றது. தந்தை உடனிருப்பினும் இல்லாதொழியினும் அவன் வாழ்வு பிள்ளைக்கு முன்மாதிரியாகி விடுகின்றது என்ற உண்மையை இதனினும் தெளிவாகக் கூறிய பாட்டு அரிது.

5. சான்றோன் ஆக்குதல்

இனிப் பொன்முடியார் பாட்டிற்கு வருவோம். அப்பாட்டு வாகைத் திணை, மூதின்முல்லைத் துறையில் அமைந்தது. மறக்குடியில் பிறந்த தாயொருத்தி போர் வீரனாகிய மகனை முன்னிட்டுப் பேசுவது. ஒரு வீரன் உருவாகுதற்கு யார் யார் என்னென்ன தந்தனர் என்பதே அங்குள்ள கணக்கு. அக்கணக்கில் கொல்லனும் வேந்தனும் இடம்பெறுதல் நோக்கத் தக்கது. இல்லறத்தில் யார்க்கு எவ்வேலை இல்லை என்று வரையறுப்பது அப்பாட்டின் கருத்தாயின் கொல்லனுக்கு அங்கே இடமில்லை. ஒருவர் தலைமையாகத் தருவதைக் கூறுதல் வேறு. பிறர் அதில் பங்கு கொள்ளார் என்று விலக்குதல் வேறு.

புறந்தருதல் என்னும் சொல்லும் மகளிர்க்கே உரிய தொழிலைக் குறிப்பதன்று. வெள்ளைக்குடி நாகனார் பாட்டில் (புறம். 35) அச்சொல் உழவர் ஏருக்குரிய பகடுகளைப் பேணுதலையும், அரசன் குடிகளைப் பேணுதலையும் குறிக்கின்றது. பேணுதல் ஆண்மைக்கு இழுக்கென்னும் எண்ணம் சொல் வழக்கில் இல்லை. அரசனுக்கே உரிய பெருங்கடமையின் பெயரும் குழவியைப் பேணும் தாயின் கடமைப் பெயரும் ஒன்றாக இருக்கக் காண்கின்றோம்.

சான்றோன் என்னும் சொல்லின் பொருள் வரலாறும் இங்கே ஆராயத் தக்கது. பதிற்றுப்பத்தின் பழைய உரைகாரர் அந்நூலில் வரும் சான்றோர் என்னும் சொல்லுக்குப் போர்த்தொழில் அமைந்த வீரர் என்று பொருள் கூறுகின்றார். மூதின்முல்லைத் துறையில் அமைந்த பாட்டிலும் அப்பொருளே முதன்மையாகப் பொருந்தும். எனவே சங்க கால மறக்குடித் தந்தையின் கடன் மகனைப் போர்க்களத்திற்கு ஏற்றவனாக்குதல். திருக்குறளில் இக்கடன் மாறுகின்றது. தந்தை மகனுக்குச் செய்யும் நன்மை, அவனைக் கற்றோர் அவையில் முந்தியிருக்கச் செய்தல் என்பார் வள்ளுவர் (குறள் 67). களம் போய் அவை வந்தது. பொருள் தேடி வைத்தல் முதலியன துன்பம் பயத்தலின் நன்மை ஆகா எனப் பரிமேலழகர் இக்குறளுரையில் விளக்குவார். மக்கட்கு வைத்துச் செல்லத்தக்க செல்வம் கல்வியன்றிப் பிறிதில்லை என்னும் நாலடியார்க் கருத்தும் (134) இதனோடு ஒத்தது.

அவ்வதிகாரத்தின் அமைப்பு மற்றோர் உண்மையையும் புலப்படுத்தும். மக்கள் சிறுகையால் துழாவிய கூழ் அமிழ்தினும் இனிது என்பதும், அவர் மெய்யைத் தீண்டல் உடற்கின்பம் என்பதும், அவர்தம் மழலை குழலினும் யாழினும் இனிது என்பதும் (குறள் 64, 65, 66) தாய்க்கெனத் தனியே கூறப்பட்டவை அல்ல. அவை பெற்றோர் இருவர்க்கும் பொதுவாகவே வைக்கப்பட்டுள்ளன. இம்மூன்றையும் கூறிய பின்னரே தந்தையின் கடன் கூறப்படுகின்றது. கூழில் துழாவும் கையைக் கண்டு மகிழ்ந்தவனே அவையில் முந்தியிருக்கச் செய்பவன் என்னும் தொடர்ச்சி இவ்வைப்பு முறையால் பெறப்படும். தாய் தன் மகனைச் சான்றோன் எனக் கேட்டு மகிழ்வாள் என்னும் குறளில் (69), பெண்ணியல்பால் தானே அறியாமையின் கேட்ட தாய் என்றார் எனப் பரிமேலழகர் கூறும் உரை அவர் காலத்துச் சமுதாயத்தைக் காட்டுவது; அதனை மூலத்தின் கருத்தாகக் கொள்ளல் வேண்டுவதில்லை.

6. கடன் முட்டுப்பட்ட இடங்கள்

இலக்கியம் தந்தையரைப் புகழ்வதோடு அமையவில்லை. அவர் கடன் முட்டுப்பட்ட இடங்களையும் மறையாது காட்டுகின்றது. அவ்விடங்களே வரலாற்று ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவன.

முதலாவது, வறுமை. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாட்டில் (புறம். 160), பாலற்ற தாயின் மார்பைச் சுவைத்துப் பயன்காணாத சிறுவன், சோறில்லாத வெறுங்கலங்களைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகிறதென அச்சுறுத்துகின்றாள், நிலவைக் காட்டுகின்றாள், இறுதியில், நின் தந்தையை எண்ணி நீ கொள்ளும் சினத்தைக் காட்டு என்கின்றாள். தந்தை அங்கில்லை, பரிசில் நாடி அரசன் வாயிலில் நிற்கின்றான். ஆயினும் வீட்டில் நிகழ்வதனைத்தும் அவன் நெஞ்சில் உளது. விரைந்து பரிசில் தந்து விடுக்குமாறு அவன் வேண்டுகின்றான். பொருள் தேடிப் பிரிந்திருக்கும் தந்தையின் பிள்ளை அவன்மேல் கொள்ளும் சினத்தை விளையாட்டாக்கி அழுகையை அடக்கும் தாயின் செயல், பிழைப்புத் தேடி வெளியூர் சென்றோர் வீடுகளில் இன்றும் நிகழ்வது.

இரண்டாவது, அரசுரிமை. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு போர் செய்யப் புறப்பட்டபோது, பகைத்து வந்தோர் நின் மக்களே, அவரை வென்றால் நாட்டை யாருக்கு வைத்துச் செல்வாய், தோற்றால் பகைவரன்றோ மகிழ்வர் எனப் புல்லாற்றூர் எயிற்றியனார் இடித்துரைத்தார் (புறம். 213). அவன் போரைவிட்டு வடக்கிருந்தான். அப்பொழுது உடன் வடக்கிருக்க வந்த பொத்தியாரை, நின் மனைவி மகனைப் பெற்ற பின்னர் வா என்று திருப்பி அனுப்பினான் (புறம். 222). தன் மக்களிடம் தோற்ற ஒரு தந்தை, இன்னும் பிறவாத குழந்தைக்குத் தந்தை வேண்டும் என்று நண்பனைத் தடுத்தான். தான் இழந்தது இன்னதென உணர்ந்தவன் பிறனுக்கு அதனைக் காத்துத் தந்த செயலாகவே யாம் இதனைக் கருதுகிறோம்.

மூன்றாவது, இறப்பு. பாரி மாய்ந்தபின் கபிலர் அவன் மகளிரை அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் வேண்டினார். இவர்கள் பாரியின் மகளிர், யான் இவர் தந்தையின் தோழன், ஆதலின் இவர் என் மகளிர் என்பது இருங்கோவேளிடம் அவர் கூறிய முறை (புறம். 201). குருதியால் அன்றி நட்பால் ஏற்ற தந்தைமைக்கு இது தலைசிறந்த சான்று.

நான்காவது, ஊரார் சொல். மணிமேகலைக் காப்பியத்தில் சாலி என்பாள் ஈன்று கைவிட்ட குழவியை ஏழு நாள் ஆவொன்று பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்து, இவன் ஆமகன் அல்லன், என் மகன் என மகிழ்ந்து வளர்த்தான். மறை நூல்களையும் கற்பித்தான். பின்னர் வேள்விக்குரிய பசுவை அவன் விடுவித்தபோது ஊர் அந்தணர் அவன் பிறப்பைச் சுட்டி இகழ்ந்தனர். எடுத்து வளர்த்த அவ்விளம்பூதியே மகனை மனையினின்றும் நீக்கினான். வளர்ப்பிலும் கல்வியிலும் குறைவைக்காத தந்தை ஊர் அஞ்சிய ஒரு நொடியில் தந்தைமையைத் துறந்தான். ஆபுத்திரன் என்ற பெயரே பின்னர் நிலைபெற்றது. பசு அளித்த உறவை ஊர் நினைவு கொண்டது, மனிதன் அளித்த உறவை மறந்தது. அமுதசுரபி ஏந்திப் பிறர் பசி தீர்த்தவன் தந்தையால் கைவிடப்பட்டவன் என்பதைச் சாத்தனார் வாளா வைத்தார் எனக் கருத இயலாது.

மணிமேகலையின் நிலையும் இங்கே எண்ணத்தக்கது. அவளுக்குப் பெயரிட்டவன் கோவலன். தன் முன்னோன் ஒருவனைக் கடலினின்றும் காத்த தெய்வத்தின் பெயரை அவன் மகளுக்கு வைத்த செய்தியைச் சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மாடலன் கூறுகின்றான். பெயரைத் தந்த தந்தை வளர்ப்பைத் தரவில்லை. பல்லாண்டு கழித்துத் துறவியாகிய பாட்டன் மாசாத்துவானை வஞ்சியில் கண்டபோதே குலத்தின் கதையையும் மேற்செல்லும் வழியையும் அவள் தந்தைவழி உறவினரிடம் கேட்டறிந்தாள்.

7. பத்தி இலக்கியத்தில் தந்தையின் குரல்

அகமரபு தந்தைக்குத் தராத கூற்றினைப் பத்தி இலக்கியம் தந்தது. ஆயினும் முதற்கண் அது தயங்கியே தந்தது. பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாகப் பாடும்போது யசோதையாகிப் பாடுகின்றார். ஆண்டாளை எடுத்து வளர்த்த தந்தையென மரபு போற்றும் அவரே குழவிப் பாட்டிற்குத் தாயின் குரலை மேற்கொண்டார். இக்குரலே பின்னர்ப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் அதனைப் பாடினார். தால், சப்பாணி, அம்புலி முதலிய பருவங்களில் ஆண்பாற் புலவர் தாயும் செவிலியுமாக நின்றே பாடுகின்றனர். குழந்தையைப் பற்றிய நுண்ணிய அறிவு ஆடவர்க்கு இருந்தது. அதனை ஆடவராகவே வெளியிடும் மரபு மட்டும் அமையவில்லை.

குலசேகராழ்வாரிடம் இத்தடை நீங்குகின்றது. பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல். உன் தந்தை யார் என மகளிர் கேட்க, குழந்தை விரலாலும் கடைக்கண்ணாலும் சுட்டிக் காட்டும் இன்பத்தை நந்தன் பெற்றான். வசுதேவன் பெறவில்லையே என அவள் ஏங்குகின்றாள். பெற்றும் வளர்க்கப் பெறாத தந்தையின் இழப்பைத் தமிழில் எடுத்துரைத்த இடம் இது. ஒன்பதாம் திருமொழி தயரதன் கூற்றாகவே அமைகின்றது. யானையும் தேரும் குதிரையும் ஒழிந்து எவ்வாறு நடந்தாய், மெல்லணையில் துயின்ற நீ கல்லணையில் துயிலக் கற்றனையோ என்று அத்தந்தை அரற்றுகின்றான். மகளின் சிற்றடி சிவத்தலைப் பொறாத கபிலர் பாட்டுத் தந்தை தோழியின் வாய்வழிப் பேசினான். மகனின் அடி காட்டில் நடத்தலைப் பொறாத தயரதன் தன் வாயாலேயே பேசுகின்றான். கூற்றின் வரலாற்றில் இது பெருமாற்றம்.

சேக்கிழார் தந்தையரைப் பலவாறு படைத்துக் காட்டுகின்றார். சிவபாதவிருதயர் மூன்றாண்டுப் பிள்ளையாகிய சம்பந்தரைக் குளக்கரைக்கு உடனழைத்துச் செல்கின்றார். தந்தை நீருள் மூழ்கிய சிறுபொழுதைப் பொறாது பிள்ளை அழுகின்றது. பின்னர் அப்பிள்ளையைத் தோள்மேல் தாங்கி ஊர்தோறும் செல்பவரும் அவரே. தெருவில் தேர் உருட்டி விளையாடிய நம்பியாரூரரை நரசிங்கமுனையர் கண்டு வேண்ட, சடையனார் நட்புரிமையால் அவர்க்கு வளர்க்கத் தருகின்றார். ஐங்குறுநூற்றில் தந்தையின் நெஞ்சைப் பெருக்கிய சிறுதேர் ஈண்டு வளர்ப்புத் தந்தையொருவரைத் தேடித் தருகின்றது. சிறுத்தொண்டர் வரலாற்றிலோ, பள்ளிக்குச் சென்ற தந்தையை நோக்கிச் சதங்கை ஒலிக்க ஓடிவந்த சீராளனை அவர் தோள்மேல் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் காட்சியைச் சேக்கிழார் அமைக்கின்றார். அடுத்து நிகழ்வதன் கொடுமை கற்பார்க்குப் புலனாதல் வேண்டும் என்றே இவ்வன்புக் காட்சியை அவர் முன்வைத்தார் எனலாம். தந்தையன்பு எளியதென்று எண்ணியிருப்பின் அதனைத் துறத்தல் பெருஞ்செயலாகாது.

8. அண்மைக் காலம்

தன்வரலாறு என்னும் இலக்கிய வகை தோன்றியபின் தந்தையரைப் பற்றிய சான்று மரபின் திரையின்றிக் கிடைக்கின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அவற்றுள் தலையாயது. 1855இல் பிறந்த ஐயரவர்களின் தந்தை வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். இராமாயண இசைப் பொழிவுகளால் குடும்பம் நடத்தியவர். மகன் இசையில் வல்லவனாதல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். மகனின் உள்ளம் தமிழில் சென்றதை உணர்ந்தபின், அரியலூர், குன்னம், கார்குடி என ஆசிரியர் இருக்கும் ஊர்களை நாடிக் குடும்பத்தோடு சென்றார். பொழிவு செய்து பெற்ற சிறுபொருள் கொண்டு அவ்வூர்களில் வாழ்ந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சுட்டிய பின்னர், 1871இல் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று அவரிடம் ஒப்படைத்தார்.

யாம் மேலே எடுத்துக் காட்டிய சங்கச் சான்றுகளுள் பெரும்பாலன ஐயரவர்கள் பதிப்பித்த நூல்களில் உள்ளவை: புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903. ஏழை இசைவாணர் ஒருவர் தம் விருப்பத்தை விடுத்து மகனின் விருப்பத்தின்பின் ஊர் ஊராக நடந்திராவிடின், இந்நூல்கள் நம் கைக்கு வந்த காலமும் வடிவமும் வேறாகி இருக்கலாம். சான்றோன் ஆக்குதல் என்பது, தந்தை தான் வகுத்த அச்சில் மகனை வார்த்தலன்று; அவன் உள்ளம் செல்லும் நெறியறிந்து அதற்குத் துணைநிற்றல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மாறான நிலையைப் பாரதியார் வாழ்வில் காண்கின்றோம். 1882இல் பிறந்த அவர் ஐந்தாம் அகவையில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நூலிலும் நாட்டமுடையவர். மகனையும் அத்துறையில் செலுத்த விழைந்தார். தோழரோடு விளையாடப் பெறாத தனிமையையும், உள்ளம் ஒட்டாத ஆங்கிலக் கல்வியையும், அதனால் தந்தைக்கு நேர்ந்த செலவையும் பாரதியார் தம் தன்வரலாற்றுப் பாட்டில் மனம் நொந்து கூறுகின்றார். எனினும் 1898இல் தந்தையின் மறைவு அவரை நிலைகுலைத்தது. அன்பில்லாத தந்தை அல்லர் அவர். அக்கறை இருந்தது, மகனின் இயல்பை நோக்கும் கண் இல்லை.

சட்டமும் இக்காலத்தில் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளன் என்றும், அவனுக்குப் பின் தாய் என்றும் கூறி, ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 1999இல் உச்சநீதிமன்றம், பின் என்பதற்குத் தந்தை இறந்தபின் என்பதே பொருளன்று, தந்தை அக்கடமையில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளராவார் என விளக்கியது. பொன்முடியார் பாட்டிற்குப் பலர் கூறும் பொருள் போலவே, குழவிப் பருவத்தைத் தாய்க்கும் தலைமையைத் தந்தைக்கும் பகுக்கும் போக்கு இச்சட்டத்திலும் உளது. காப்பாளன் என்னும் பெயர் தானே வந்துவிடும். காத்தல் செயலால் மட்டுமே வரும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது எனலாம்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: அகப்பாடல்களில் தந்தை பேசாமை கூற்று மரபால் வந்தது, அது கொண்டு அவன் மக்கள் வளர்ப்பில் பங்கற்றவன் எனல் பொருந்தாது. மகன் பெயரால் தந்தையை அழைத்த வழக்கும், உண்கலம், படுக்கை, சிறுதேர் பற்றிய பாடல்களும் குழவிப் பருவத்திலேயே அவன் உடனிருப்பைக் காட்டுகின்றன. சான்றோன் ஆக்குதல் என்னும் கடன் களத்தினின்றும் அவைக்கும், அவையினின்றும் பிள்ளையின் இயல்பறிந்து துணைநிற்றலுக்கும் காலந்தோறும் விரிந்துள்ளது. வறுமை, ஆட்சி, இறப்பு, ஊரச்சம் ஆகியவற்றால் அக்கடன் முட்டுப்பட்டபோதெல்லாம் புலவர் அதனை ஓர் இழப்பாகவே பாடினர்; இயல்பென்று பாடினாரல்லர்.

இவ்வாராய்ச்சி முடிந்ததன்று. தாலாட்டுப் பாடல்களில் தாய்மாமன் பெறும் இடத்தைத் தந்தை பெறாமைக்குக் காரணம் என்ன என்பதும், நடுகற்களிலும் கோயிற் கல்வெட்டுகளிலும் மக்கள் பொருட்டுத் தந்தையர் செய்த அறங்கள் யாவை என்பதும் முதுகலை மாணவர் மேற்கொள்ளத் தக்க பொருள்கள். அவற்றை ஆராய்வோர் பொன்முடியார் பாட்டினை மீண்டும் ஒருமுறை முழுமையாகக் கற்றல் வேண்டும். அங்குக் கூறப்பெற்ற ஐவர் கடன்களுள் ஒன்றேனும் பிறிதொருவரை அவர் கடனினின்றும் விடுவிப்பதாக அமையவில்லை என்பது அப்போது விளங்கும்.